விரலைத் தேடி வந்தவை

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டில் எலிகள் இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்குகள் தாமாகவே எரிந்து தாமாகவே அணையும். காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்தச் சத்தம் மண்டையைக் குடையும்; கொஞ்ச நாளில் காதில் விழாமலே போய்விடும். எப்போதாவது மின்சாரம் நின்று விசிறி ஓயும்போதுதான் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது தெரியவரும். எத்தனையோ சிறு பற்கள் எதையோ கொறித்துக்கொண்டிருக்கும் சத்தம்.

அந்த அறையைக் கவனித்துக்கொண்டவளை எல்லோரும் எலியக்கா என்றார்கள். தாழ்வாரம் பெருக்க வந்தவள் அவள். கூண்டு பார்த்துக்கொண்டிருந்த ஆள் கடிபட்டு, இனி வரமாட்டேன் என்று போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்து, பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். "மீதிக் காபியை நான்தான் குடிச்சேன். அந்தக் குடும்பத்துகிட்ட இருந்து எனக்குக் கிடைச்சது அதுதான்" என்பாள் எலியக்கா. அவளைப் புகழ்ந்து சொல்ல அதிகம் இல்லை. கூண்டுகளைச் சுத்தமாக வைத்திருந்தாள். பொய் சொல்லவேண்டிய இடங்களில் பேசாமல் இருந்தாள்.

அந்த ஆண்டு நடந்த ஆராய்ச்சி ஈயத்தைப் பற்றியது. அலமாரியில் நான்கு வரிசையாகப் பெட்டிகள். மேலே கம்பி மூடி, அதில் கவிழ்த்துச் செருகிய தண்ணீர்ப் புட்டி. வெள்ளை நாடா ஒட்டிய வரிசைக்கு வெறும் தண்ணீர். சிவப்புக்கு ஈய உப்பு கரைத்த தண்ணீர். மஞ்சளுக்கு அதே ஈயத் தண்ணீர், கூடவே தினமும் காலையில் கொத்தமல்லித் தழையின் சாறு. பச்சைக்கு நல்ல தண்ணீரும் சாறும். ரத்தத்தில் ஈயம் ஏறுவதை அந்தச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் கேள்வி. ஆராய்ச்சி செய்த பெண் இளவயதுக்காரி, அதிகம் பேசாதவள். தழையை நிழலில் காயவைத்து, பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிக் கொண்டுவருவாள். எலியக்கா எலியின் கழுத்துத் தோலைப் பிடித்துக்கொள்ள, அவள் வளைந்த சிறு குழாயால் சாற்றை அதன் வாய்க்குள் விடுவாள்.

நாள் ஆக ஆக எலியக்கா ஒன்றைக் கவனித்தாள். அவள் புட்டி மாற்றக் கையை நீட்டினால் சிவப்பு வரிசையும் மஞ்சள் வரிசையும் அவளிடம் வந்தன. பின்னங்கால்களில் எழுந்து நின்று, கம்பிக்கு இடையே மூக்கை நுழைத்து, அவள் விரலைத் தேடி நக்கின. கையுறை போட்டுக்கொள்ளவேண்டும் என்பது விதி. ஈரப் புட்டி வழுக்குகிறது என்று அவள் கழற்றிவிடுவாள். உண்மையில் அந்தச் சிறு நாக்குகளுக்காகத்தான்.

"இந்த வெள்ளை வரிசைக்கு என்ன கொழுப்பு பாருங்க மேடம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. பச்சையும் அதே கூட்டுதான்."

"என்கிட்ட எந்த வரிசையும் வர்றதில்லக்கா. உங்க கையில என்னமோ இருக்கு" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

எலியக்காவுக்குப் பெருமையாக இருந்தது. நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கு யாரும் வேண்டாம், நோவு கண்டவர்களுக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அவள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அன்பு என்று நமக்குத் தோன்றுவதற்கெல்லாம் இப்படி ஒரு காரணம் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது.

வீட்டில் அவளும் தம்பியும்தான். இரண்டு அறை, பின்பக்கம் துணி துவைக்க ஒரு கல். தம்பி பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறையில் வேலை செய்தான். உடைத்தெடுத்த தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, மேலே படியும் கசடை வழித்துத் தள்ளி, ஈயத்தைக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவது அவன் பொறுப்பு. சட்டை முழுக்க அமிலம் பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். அவன் சட்டையைக் கழற்றி உதறினால் தரையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படியும். அந்தச் சட்டையை அவள் தினமும் காலையில் வேலைக்குப் புறப்படும் முன் கையால் கசக்கித் துவைத்தாள். அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் துணியை அவள்தான் துவைக்கிறாள்.

ஒருநாள் அவன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சர்க்கரையை அள்ளிக் கொட்டிட்டியா?"

"போடவே இல்லடா. டப்பா காலி."

"அப்புறம் ஏன் இனிக்குது? இப்பல்லாம் எதைத் தின்னாலும் லேசா இனிப்பு தட்டுது."

"உன் வாய் அப்படி. அந்த வாயை நம்பித்தானே தெருவுல பாதிப் பேர் உனக்குக் கடன் குடுத்தாங்க."

அவன் சிரித்தான். சிரித்தபோது பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கருநீலம் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைக்கப் போனபோது கை வலுவிழந்து டீ சிந்திற்று. வலது கை மணிக்கட்டோடு மடிந்து, நனைந்த துணிபோலத் தொங்கியது. அவன் இடது கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டான், பழக்கமான காரியம்போல. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

எலியக்காவுக்கு அந்தக் காட்சி புதிதாக இல்லை. அன்று காலையில்தான் சிவப்பு வரிசையில் ஒரு எலியை அப்படியே பார்த்திருந்தாள். முன்னங்கால்கள் தொங்க, பெட்டியின் மூலையைப் பார்த்தபடி, உணவு பக்கத்தில் இருந்தும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தது. முதுகு வளைந்திருந்த விதம்கூட ஒன்றுதான்.

"அந்த வேலையை விட்டுடுடா."

"விட்டுட்டு?"

"ஏதாவது செய்."

"ஏதாவது செய்றவன் ஊர்பூரா இருக்கான்க்கா. நிறத்தைப் பார்த்து ஈயம் பதமாயிடுச்சுன்னு சொல்றவன் அங்க நான் ஒருத்தன்தான். நான் சொன்னாத்தான் ஊத்துவாங்க." சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

அந்த வாரமே எலியக்கா கடையில் கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி வாங்கினாள். மேடம் செய்வதைப் போலவே நிழலில் காயவைத்தாள், பொடித்தாள், வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினாள். வீடே மணத்தது.

"என்னைப் பசுமாடுன்னு நினைச்சியா? தழையாக் குடுக்கிற?"

"பசுமாடு பாலாவது குடுக்கும். குடிடா."

குடித்தான். சில வாரங்களில் வயிற்று வலி குறைந்ததாகச் சொன்னான். மணிக்கட்டும் முன்னைவிட நிமிர்ந்தது. சாறுதான் காரணமா, வலி தானாகவே வந்து போகிற வகையா, யாருக்கும் தெரியாது. அவர்கள் இருவருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஒருநாள் அவன் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான்.

"சட்டிகிட்ட நிக்க ஆள் இல்லைன்னு பேசிக்கிட்டாங்க. மத்தவனுக்கெல்லாம் வயித்து வலி. நான்தான் மருந்து குடிக்கிறவனாச்சே, இனி ரெண்டு வேளையும் நானே நிக்கிறேன்னுட்டேன்."

அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மறுநாள் சிவப்பு வரிசையின் முன்னால் புட்டியோடு நின்றபோது அந்தப் பெருமை உறுத்தியது. தன் வீட்டில் இருப்பவனுக்குச் சாறு கொடுக்கிறாள். தன் விரலைத் தேடி வருகிற இவற்றுக்கு இல்லை. மஞ்சள் வரிசைக்கு ஊற்றிய பிறகு குவளையில் கொஞ்சம் சாறு மிச்சமிருந்தது. சிவப்பு வரிசைக்குப் போடவேண்டிய உணவு உருண்டைகளை அதில் முக்கி, துடைத்து, போட்டாள். அதன்பிறகு அது தினசரி வேலையாயிற்று. கருணை பழக்கமானபின் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, செய்கிறவர் உட்பட.

எலிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்த பிறகு ஆராய்ச்சிக்காரி முகம் வாடி வந்தாள்.

"சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பெரிசா வித்தியாசமே இல்லக்கா. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்படின்னா?"

"ஒண்ணு, இந்தத் தழையால பிரயோஜனம் இல்ல. இல்லாட்டி ஈயம் போதல. சிவப்பு இந்நேரம் இன்னும் மோசமா ஆகியிருக்கணும். அடுத்த வாரத்துல இருந்து தண்ணியில ஈயத்தை ரெண்டு மடங்கு ஆக்கப்போறேன்."

எலியக்கா கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். ரெண்டு மடங்கு. ரெண்டு வேளையும் நானே நிக்கிறேன். ஒரே சொல்லை இரண்டு வாய்கள் சொன்னதுபோல இருந்தது. தான் கொடுத்த சாறு இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது: ஈயம் போதவில்லை என்று நினைக்கவைத்திருக்கிறது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உணவு உருண்டையை, தம்பியை, வீட்டில் காயவைத்த தழையை. ஆராய்ச்சிக்காரி திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றினாள்.

"பாதுகாப்புன்னா என்னக்கா? வர்றதுல கொஞ்சத்தைத் தடுத்தா உண்டு. அதுவும் எலிக்கு, அதுவும் இன்னும் உறுதியாகல. ஈயத் தண்ணியையும் குடுத்து, மேலே சாறையும் குடுக்கிறோமே, அது இங்க சோதனைக்காக. வீட்ல நீங்க எதுக்கு அதைச் செய்றீங்க?"

"வேலையை விடுன்னு சொல்லிப் பார்த்துட்டேன் மேடம்" என்றாள் எலியக்கா.

"அவரை இங்க வரச்சொல்லுங்க. நான் பேசுறேன். நீங்க சொன்னா அவர் கேக்கமாட்டார் போல."

தம்பி மறுநாள் மதியம் பட்டறையிலிருந்து நேராக வந்தான், வேலைச் சட்டையோடு. அக்காவின் மேடத்தைப் பார்ப்பதில் அவனுக்குக் கூச்சம். எலிகளைப் பார்ப்பதில் ஆர்வம். "இத்தனை வருஷமா என்னைவிட உங்களைத்தானே நல்லாப் பார்த்துக்கிறா" என்று பெட்டிகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

அவன் அலமாரியை நெருங்குவதற்குள் அது நடந்தது. முதலில் சிவப்பு வரிசையில் ஒரு எலி எழுந்து நின்றது. அப்புறம் பக்கத்துப் பெட்டியில். அப்புறம் வரிசை முழுக்க. மஞ்சளிலும் அப்படியே. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததுகூடத் திரும்பி, தொங்கும் முன்னங்காலோடு தள்ளாடி வந்து கம்பியைப் பற்றியது. எல்லா மூக்கும் அவன் இருந்த பக்கம். வெள்ளையும் பச்சையும் மரத்தூளில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன.

"பார்றா. என்னை அடையாளம் தெரியுது இதுங்களுக்கு."

அவன் விரலை நீட்டினான். ஒன்று நக்கியது. இன்னொன்று விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் நக்கியது. அவன் விரலை வெள்ளை வரிசைக்குக் கொண்டுபோனான். ஒரு எலி கண் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மறுபடி சிவப்புக்குக் கொண்டுபோனான். வந்தன.

"ஏன் இந்த ரெண்டு வரிசை மட்டும்?"

ஆராய்ச்சிக்காரியின் குரல் தாழ்ந்திருந்தது. "இந்த ரெண்டு வரிசைக்கும்தான் ஈயத் தண்ணி. அந்த உப்பு கொஞ்சம் இனிக்கும். இதுங்களுக்கு அந்த ருசி பழகிப்போச்சு. நீங்க வேலை செய்ற ஈயமும் அமிலமும் சேர்ந்தா எதுவா மாறுதுன்னு எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல. ஆனா உங்க கையில இதுங்க எதையோ கண்டுபிடிக்குது."

"இனிக்குமா?" என்றான் அவன். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "சர்க்கரை போடாத டீ."

எலியக்கா அவனைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில் அவன் சட்டையைக் கசக்கிய கை. நகக்கண்ணில் மெலிதாகச் சாம்பல் நிறம். பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை காலைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எலிகள் அவளிடம் வரவில்லை. அவள் மேல் இருந்ததிடம் வந்தன. மெல்ல விரலைக் கம்பிக்கு நீட்டினாள். தம்பியின் விரலை விட்டுவிட்டு ஒரு எலி அவள் விரலுக்கு வந்தது. இரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

"நாம எந்த வரிசைன்னு சொல்லிடுச்சுக்கா" என்றான் தம்பி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை, அவனும்கூட.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு ஈயம் மிக அதிகம். அவளுக்கு அதைவிடக் குறைவு, ஆனால் இருக்கக்கூடாத அளவு. அவனைத் தங்கவைத்து மருந்து கொடுத்தார்கள். இனி ஈயத்தின் பக்கமே போகக்கூடாது, போனால் எந்த மருந்தாலும் பலனில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தம்பி தலையாட்டினான். தேறி வந்து, அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றில் மூட்டை அடுக்கும் வேலைக்குப் போனான். "அங்க என்னை யாரும் எதுவும் கேக்கிறதில்ல. எடுன்னா எடுக்கணும், வைன்னா வைக்கணும்" என்று ஒருமுறை சொன்னான். அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்கவேண்டும்.

கெட்டுப்போன ஆராய்ச்சியை மூடினார்கள். அந்த எலிகளைக் கொன்று முடித்த நாளில் எலியக்கா விடுப்பு எடுத்துக்கொண்டாள். அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. கடிபடாமல் எலி பிடிக்க அங்கே வேறு ஆள் இல்லை. புது எலிகள் வந்தன. அதே நான்கு நிறம். இந்தமுறை உணவு போடுவது மேடத்தின் பொறுப்பு, தண்ணீர் மட்டும் எலியக்காவுடையது. சிவப்பும் மஞ்சளும் ஈயத் தண்ணீருக்குப் பழகி வாரங்கள் ஆயின. அவள் தினமும் காலையில் கையுறையைக் கழற்றி ஒரு விரலை நீட்டிப் பார்ப்பாள். ஒன்றும் வருவதில்லை. அவளை அந்த அறையில் இப்போது எதற்கும் பிடிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு காலை, சிவப்பு வரிசையில் ஒன்று எழுந்து நின்றது.

அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி நீட்டினாள். அது வந்து நக்கியது. பக்கத்துப் பெட்டியிலும் மூக்கு கம்பிக்கு வந்தது. அதற்கடுத்ததிலும். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு அது நின்றுபோனது போலிருந்தது. கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று காலையில் துவைத்த தம்பியின் சட்டையை நினைத்துப் பார்த்தாள். கிடங்கில் கொடுத்த அட்டைப்பெட்டி நிறத்துச் சட்டை. அதில் ஓட்டைகள் இல்லை. காலர் மடிப்பில் மட்டும் சாம்பல் நிறமாக ஏதோ இருந்தது. கிடங்குத் தூசி என்று நினைத்திருந்தாள்.

"மேடம், கொஞ்சம் வெளிய போகணும்."

"என்னாச்சுக்கா?"

"எலிங்க ஒண்ணு சொல்லிச்சு. போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்."

ஆராய்ச்சிக்காரி சிவப்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

பட்டறை தகரக் கொட்டகை. வாசலில் உடைத்த பேட்டரிக் கூடுகளின் குவியல். உள்ளே வெயில் கீற்றுகளில் புகை அசையாமல் நின்றது. நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சட்டியருகே கரண்டியோடு தம்பி. அவள் முதலில் பார்த்தது அவனை அல்ல, அவனுக்குப் பின்னால் இருந்த சுவரை. வரிசையாக ஆணிகள்; ஒவ்வோர் ஆணியிலும் கயிறு கட்டித் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் புட்டி. ஆளுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பழுப்பும் பச்சையுமான தண்ணீர். ஈயப் புகையைத் தாண்டிக் கொத்தமல்லி மணத்தது.

அவள் நிழல் வாசலில் விழுந்ததும் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். வேலையை அப்படியே நிறுத்தி, முகத்தை அவள் பக்கம் திருப்பி, எழுந்து நின்றார்கள். ஒருவர் கை மணிக்கட்டோடு தொங்கியது. அவர்கள் தன்னிடம் வந்துவிடுவார்களோ என்று ஒரு கணம் பயந்தாள்.

கை தொங்கியவர்தான் வந்தார். வயதானவர். சிரித்தார், ஈறில் கருநீலக் கோடு. "நீங்கதான் மருந்து அக்காவா? தம்பி சொல்லித்தான் நாங்க எல்லாரும் குடிக்கிறோம். ஒரு சந்தேகம். நிழல்ல காய நாளாகுது. வெயில்ல வெச்சாப் பரவாயில்லையா?"

"அது மருந்து இல்லைங்க."

"அடக்கமாப் பேசுறீங்க." அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "இது இருக்கிற தைரியத்துலதான் நிக்கிறோம்."

தம்பி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "யாரு சொன்னது உனக்கு?"

"உன் வரிசைதான்."

அவனுக்குப் புரிந்தது. சட்டியைப் பார்த்தான். அதன் மேல்பரப்பு சலனமில்லாமல் கண்ணாடிபோல் பளபளத்தது. "நான் இல்லாம ரெண்டு தடவை பதம் தவறிடுச்சுக்கா. கூப்பிட வந்தாங்க. எனக்கும்... சாறு குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். நீதானே குடுத்த."

"நான்தான் குடுத்தேன்" என்றாள் எலியக்கா. "எலிக்கும் நான்தான் குடுத்தேன். அதனாலதான் ஈயத்தை ரெண்டு மடங்காக்கப் பார்த்தாங்க. நீயாவே ஆக்கிக்கிட்ட." பிறகு கையை நீட்டினாள். "இன்னிக்குக் காலையில உன் சட்டையைத் துவைச்ச கை. அதுங்க இதைத் தேடி வந்துச்சுடா."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். தன் உடம்புக்கு வந்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன். இப்போது அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்தான். சுவரருகே போய்த் தன் புட்டியை ஆணியிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்கத் தரையில் கவிழ்த்தான். சாறு சாம்பல் தூசியில் ஓடி, கொஞ்ச தூரத்தில் நின்றுபோயிற்று.

"என்னப்பா இது, நல்ல மருந்தை" என்றார் வயதானவர்.

"இது இருக்கிறதாலதாண்ணே நாம இங்க நிக்கிறோம்" என்றான் தம்பி.

மற்றவர்கள் தங்கள் புட்டிகளைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. அக்காவும் தம்பியும் வாசலைத் தாண்டும்வரை அந்த முகங்கள் அவர்களோடு திரும்பிக்கொண்டே வந்தன.

அவன் இப்போது, எலியக்கா கேட்டுக்கொண்டதன்பேரில், ஆராய்ச்சிக்கூடத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறான். பதம் பார்க்க அங்கே எதுவும் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறான். சட்டையை அவனே துவைத்துக்கொள்கிறான். அந்தப் பட்டறையிலிருந்து அவனைத் தேடி அவ்வப்போது யாராவது வருவதுண்டு. கொத்தமல்லியோடு வேறு என்ன சேர்க்கலாம் என்று கேட்பார்கள். அவர்களை அவன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகப் பார்ப்பான். சிலர் போயிருக்கிறார்கள்.

எலியக்கா தினமும் காலையில், புட்டிகளை மாற்றும் முன், கையுறையைக் கழற்றி, வீட்டில் தம்பியின் சட்டைக் காலரைத் தடவி வந்த விரலைச் சிவப்பு வரிசைக்கு நீட்டுகிறாள். காத்திருப்பாள். ஏதாவது ஒன்று மெல்ல எழுந்து வரும். கம்பிக்கு இடையே மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். பிறகு அவளை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். அதன் பிறகுதான் அவள் வேலையைத் தொடங்குவாள்.